எஸ்எம்பிஎஸ் இரைச்சலை அடக்கிய கதை

என் கம்ப்யூட்டர் கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ் அது; வீட்டுக் கரண்டை மாற்றி உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி. ராத்திரியில் பக்கத்து அறை வரை இரைச்சல் கேட்கும். எந்த ஃபேன் கத்துகிறது என்று பார்க்க, காலண்டர் அட்டையைச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸின் 80 மில்லிமீட்டர் ஃபேன்தான். சின்ன ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றியாக வேண்டும். 120 மில்லிமீட்டர் என்றால் நிதானமாகச் சுற்றினாலே போதும்.

அதன் லேபிளில் பெரிதாக 450 வாட் என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்தான்! பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இழுப்பது இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அந்த வரியைத்தான்.

சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர், "750 வாட் கோல்டு எடுத்துக்கோங்க சார், கவலையே இல்ல" என்றார். என் பிராசசர் 65 வாட், கார்டு 75 வாட். கேம் ஆடினாலும் மொத்தம் 200ஐ ஒட்டித்தான் வரும். 80 பிளஸ் என்பது இழுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் பாகங்களுக்குப் போகிறது என்பதற்கான தரச்சான்று. அதில் பிரான்ஸ் (Bronze) பாதிச் சுமையில் 85 சதவீதம் திறன், கோல்டு 90. எனக்கு மிச்சமாவது ஏறக்குறைய 13 வாட். அதற்கு அவ்வளவு விலையா? 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் தரும் 450 வாட் பிரான்ஸ், 120 மில்லிமீட்டர் ஃபேன், ஐந்து வருட வாரண்டி. சரி, இது போதும் என்று எடுத்துவிட்டேன்.

இப்போது ஹார்ட் டிஸ்க் சத்தம்தான் கேட்கிறது. அடுத்து, சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வாங்க வேண்டும்.