காற்றில் பறக்கும் விமானம் தரையைப் பொறுத்து எந்த வேகத்தில் போகிறது: வரைந்து கண்டுபிடிக்கும் முறை

காசிமேட்டுக்கு மேலிருந்து எண்ணூர் பக்கமாக ஒரு சின்ன விமானம். மூக்கு நேர் வடக்கு, காற்றைப் பொறுத்த வேகம் 120 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.). (கரை கொஞ்சம் கிழக்கே சாய்ந்துதான் போகிறது, கணக்குக்காக வடக்கு என்றே வைத்துக்கொள்வோம்.) பிற்பகல் கடல் காற்று, 135 டிகிரி (வடக்கை 0 என்று வைத்துக் கடிகாரச் சுற்றில் அளந்தது, அதாவது தென்கிழக்கு), 20 நாட்.

முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான். வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து. வானிலை அறிக்கையும் அப்படியே, வரும் திசையைத்தான் சொல்லும். காற்றுக்கான அம்புக்குறியையோ அது போகும் திசையில் வரைய வேண்டும். 135-இலிருந்து வந்தால் 315-ஐ நோக்கி, அதாவது வடமேற்கே. மாற்றி வரைந்தால் தரைவேகம் (தரையைப் பொறுத்த வேகம்) 107 என்று வரும், விமானமும் படத்தில் கடல் பக்கம் போய்விடும்.

கிராப் தாளில் 1 செ.மீ. = 10 நாட். வடக்கே 12 செ.மீ. கோடு. அதன் நுனியில் பாகைமானியை வைத்து 315 டிகிரிக்கு மெல்லிய கோடு 10 செ.மீ. இழுத்து, அதில் 2 செ.மீ. மட்டும் அளந்து குறியுங்கள். வெறும் 2 செ.மீ. கோட்டுக்குக் கோணம் சரியாகப் பிடிக்க வராது. முதல் கோட்டின் வாலையும் இந்தக் குறியையும் சேருங்கள்: ஏறக்குறைய 13.5 செ.மீ., அதாவது தரைவேகம் 135 நாட்.

கணக்கில் சரிபார்க்க, காற்றைக் கூறுகளாகப் பிரியுங்கள். 20 × 0.707 = 14.1, வடக்கே 14.1, மேற்கே 14.1.

வடக்கே மொத்தம்: 120 + 14.1 = 134.1
மேற்கே: 14.1
தரைவேகம்: √(134.1² + 14.1²) = 134.8 நாட், மணிக்குச் சுமார் 250 கி.மீ.
விலகல்: டேன் மதிப்பு 14.1/134.1, கோணம் 6 டிகிரி இடப்பக்கம், பாதை 354.

10 கி.மீ. வடக்கே போவதற்குள் 1 கி.மீ.க்குச் சற்று மேல் மேற்கே, மணலிப் பக்கம் ஒதுங்கியிருக்கும்.

நேர் வடக்கே போக, மூக்கை வலப்பக்கம் 6 டிகிரி திருப்பினால் போதும் என்று தோன்றும். போதாது. அதில் கிழக்கே கிடைப்பது 120 × சைன் 6° = 12.5 நாட்தான்; மீதி 1.6 நாட் மணிக்கு 3 கி.மீ. மேற்கே தள்ளிக்கொண்டே இருக்கும். சைன் மதிப்பை 14.1/120 என்று எடுங்கள்: 6.8 டிகிரி, திசைகாட்டியில் 007 என்று பிடிக்கலாம். அப்போது தரைவேகம் 133 நாட்டுக்கு இறங்கும்.