பழனிப் பாதயாத்திரை வழியில் குடியேற ஊர் தேடுவது எப்படி?

நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் சின்ன ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்று நினைக்கிறவர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காரில் போய், புரோக்கர் காட்டுகிற இரண்டு மனையைப் பார்த்துவிட்டு, வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். காரில் போனால் சாலை தெரியும், ஊர் தெரியாது. நடந்து போனால் எங்கே நிழல் இருக்கிறது, எந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்தத் தெருவில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படும். நடக்கத்தான் நம்மிடம் பாதயாத்திரைப் பாதைகள் இருக்கின்றனவே.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடை ஊரைக் காட்டும், ஆனால் திருவிழா ஊரை மறைத்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான்.

படி 1: பாதையைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், செம்மடைப்பட்டி, ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் பழனி. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி போகும் வழி இது. ஏறத்தாழ 160 கிலோமீட்டர். சாதாரண நடையில் ஆறேழு நாள் ஆகும்.

முழுப் பாதையும் ஒரே மாதிரி இருக்காது. சிங்கம்புணரி வரை கண்மாயை நம்பிய பூமி. சிங்கம்புணரியில் தென்னை நார்த் தொழில் உண்டு. நத்தம் பக்கம் மாந்தோப்பும் புளியும், அதைத் தாண்டினால் சிறுமலை கூடவே வரும். திண்டுக்கல்லுக்கு மேற்கே காய்கறி பூமி. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய் போகிறது. ஆயக்குடி என்றால் கொய்யா.

உங்களுக்கு எது முக்கியம்? ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டும் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற திண்டுக்கல்லைச் சுற்றித் தேடுங்கள். ரயில் வேண்டும் என்றால் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. தோட்டம் போட ஆசை என்றால் மேற்குப் பக்கம். ஆனால் மலையடிவாரத் தோப்புகளுக்கு யானை இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு துண்டுகளைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

படி 2: தையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் படி இது. தைப்பூசம் ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரி முற்பாதியிலோ வரும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கண்மாய் நிறைந்து, கிணற்றில் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் கிடக்கும். காற்றில் குளிர்ச்சி இருக்கும். போகிற இடமெல்லாம் பந்தல், சுக்குக் காபி, அன்னதானம். ‘இப்படி ஒரு ஊரா!’ என்று மனசு உருகும். உருகட்டும், அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் அன்றைக்குக் கொடுக்கிற கேசரியை வைத்துத் தினசரிச் சமையலைக் கணிக்க முடியுமா?

பங்குனி உத்திரம் கொஞ்சம் நிஜத்தைக் காட்டும். கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடி வருவது அப்போதுதான். அதற்குள் வெயில் ஏறியிருக்கும். ஆனாலும் அதுவும் திருவிழாதான். எனவே தையில் குழுவோடு நடந்து பாதையைப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு சித்திரையிலோ வைகாசியிலோ, ஒரு சாதாரணச் செவ்வாய், புதன்கிழமையில் பஸ் ஏறிப் போய், பிடித்த துண்டை மட்டும் மறுபடி நடங்கள். காலை ஐந்து மணி முதல் ஒன்பது வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுப்பகலில் நடப்பது வீரம் இல்லை.

இன்னொரு விஷயம். தைப்பூசக் குழுக்கள் வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் நடக்கும். அப்படி நடந்தால் கால் வலி மிஞ்சும், ஊர் மிஞ்சாது. உங்கள் துண்டு வருகிற நாளில் மட்டும் பகலில் நடக்க, குழுவை நடத்திப் போகும் குருசாமியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 3: சாலையை விட்டு ஊருக்குள் திரும்புங்கள்

பிரதான சாலையிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே போங்கள். டீக்கடையில் உட்காருங்கள். ‘இங்க மனை என்ன விலை?’ என்று ஆரம்பித்தால் அடுத்த நிமிடம் உங்களைச் சுற்றி நாலு புரோக்கர் நிற்பார்கள். ‘கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்குண்ணே?’ என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி ஆத்திர அவசரத்துக்கு என்ன செய்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று பேச்சு தானாக நீளும்.

பள்ளிக்கூடத்தைக் கட்டாயம் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிற பள்ளி என்றால் ஊரில் இளம் குடும்பங்கள் வெளியேறுகின்றன என்று அர்த்தம். ஓய்வு பெற்றவருக்கு அது பிரச்சினை இல்லை, பிள்ளை குட்டியோடு போகிறவருக்குப் பிரச்சினை.

மாலை போட்டிருக்கும்போது விலை பேச வேண்டாம் என்பது என் கருத்து. சோறு போட்ட வீட்டில் ‘பக்கத்து இடம் விலைக்கு வருமா?’ என்று கேட்பது அவர்களைச் சங்கடப்படுத்தும். இடத்தை போன் மேப்பில் குறித்துக்கொண்டு, ஒரு நிமிடக் குரல் பதிவு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

படி 4: தண்ணீரை விசாரியுங்கள்

இந்தப் பாதையில் ஊரைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துவிடுவதால் திண்டுக்கல் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் முக்கியம். அது பொய்த்தால் அடுத்த கோடை கஷ்டம்.

தெருவில் குறைந்தது மூன்று வீட்டில் கேளுங்கள்: போர்வெல் எத்தனை அடி, எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது, சித்திரையில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது. ‘ஆயிரம் அடி போட்டும் புகைதான் பறந்துச்சு’ என்று இரண்டு பேர் சொன்னால் அந்தத் தெருவை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டுப்போன இடங்கள் உண்டு. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துவிடுங்கள். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. புளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது.

படி 5: ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள்

முடிந்தால் மாசியில் போய் ஆடி வரை இருங்கள். கோடை முழுக்க உள்ளே வந்துவிடும். வீடு கேட்கும்போது ‘எந்த ஊரு?’ என்பதற்கு அடுத்த கேள்வியாக ‘நீங்க என்ன ஆளுக?’ என்பதும் வரும். நேரடியாகவோ, குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்தோ கேட்பார்கள். இதைப் பூசி மெழுகி எழுதுவதில் அர்த்தமில்லை. தெருக்கள் சாதிவாரியாக இருக்கிற ஊர்கள் இந்தப் பாதையிலும் உண்டு. பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். அந்தக் கேள்விக்குப் பிறகு வாடகைப் பேச்சு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பாதயாத்திரையில் எல்லோரையும் ‘சாமி’ என்று கூப்பிட்ட அதே ஊர் மற்ற நாளில் எப்படி என்பது அங்கே தெரிந்துவிடும்.

படி 6: காகிதங்கள்

வாங்குவது என்று முடிவெடுத்தால்:

- வருவாய்த் துறை இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலம் என்ன வகை என்று சொல்லும் அரசுப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் பாருங்கள். அ-பதிவேட்டில் புறம்போக்கு, பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய நிலம்) என்று இருந்தால் விலகிவிடுங்கள். கண்மாய் ஓரம் என்றால் மறுகால் (கண்மாய் நிறைந்தால் உபரி நீர் வெளியேறும் வழி) எந்தப் பக்கம் போகிறது என்று ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள்.

- பதிவுத் துறை இணையதளத்தில் 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள்.

- கோயில் ஊர்களுக்கே உரிய சிக்கல் அடிமனை. கட்டடம் விற்கிறவருடையதாக இருக்கும், அடியில் உள்ள மனை கோயிலுடையதாக இருக்கும். கோயில் சொத்தை அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்றால் செல்லாது என்கிறது அறநிலையச் சட்டம் 1959-இன் 34-ஆம் பிரிவு. அறநிலையத் துறை இணையதளத்தில் சர்வே எண்ணைத் தேடுங்கள், கோயில் அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். ‘நாலு தலைமுறையா இங்கதான் இருக்கோம்’ என்பது உரிமைப் பத்திரம் ஆகாது.

- மனைப்பிரிவு என்றால் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளில், 20-10-2016 வரை மனை விற்றுப் பதிவானவற்றுக்கே வரன்முறை (பின்னால் அங்கீகாரம் பெறும்) வாய்ப்பு.

செலவில் விலையோடு 9 சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. ஏப்ரல் 2025 முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

பதிவு முடிந்ததும் பட்டா மாறிவிட்டதா என்று பாருங்கள். உட்பிரிவு, அதாவது சர்வே எண்ணை மேலும் பிரிப்பது, தேவைப்படாத மனைக்குத் தானாக மாறும். உட்பிரிவு வேண்டும் என்றால் சர்வேயர் வந்து அளப்பார். அந்த நாளில் பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூப்பிட்டு நிற்க வையுங்கள், கல் ஊன்றியதும் நாலு மூலையையும் படம் எடுத்துவிடுங்கள்.