யிக் ஆசிலேட்டரின் ஆட்டம் அடங்கியது

அதிர்வெண்ணைத் தொடர்ந்து மாற்றியபடி சிக்னல் தரும் பழைய ஸ்வீப் ஜெனரேட்டர் ஒன்றைப் பிரித்தபோது, 2 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் யிக் ஆசிலேட்டர் கிடைத்தது: காந்தப்புலத்தால் அதிர்வெண்ணை மாற்றக்கூடிய சிக்னல் உருவாக்கி. உள்ளே கடுகைவிடச் சின்ன யிட்ரியம் இரும்புக் கார்னெட் (சுருக்கமாக யிக், YIG) உருண்டை. காந்தப்புலம் ஒரு காஸ் கூடினால் அதிர்வெண் 2.8 மெகாஹெர்ட்ஸ் ஏறும். எத்தனை அழகான பொருள்!

முதலில் மேசை பவர் சப்ளையை, அந்தக் காந்தப்புலத்தை உண்டாக்கும் காயிலுக்கு நேராகக் கொடுத்தேன். அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில், நிலையான அதிர்வெண்ணுக்குரிய மெல்லிய கோடு வரவில்லை, அகன்ற மேடுதான் வந்தது. காயிலில் மில்லியாம்பியருக்குச் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் நகரும். அப்படியானால் மின்னோட்டத்தில் ஒரே ஒரு மைக்ரோஆம்பியர் ரிப்பிளுக்கு (சிற்றலைக்கு) 20 கிலோஹெர்ட்ஸ் ஆட்டம்.

ஆப்-ஆம்ப், மாஸ்ஃபெட், மின்னோட்டத்தை அளக்க 10 ஓம் ரெசிஸ்டர் வைத்து, மின்னோட்டத்தை மாறாமல் பிடிக்கும் கரண்ட் சோர்ஸ் கட்டி, காயிலுக்குக் குறுக்கே பெரிய கெப்பாசிட்டரும் போட்டேன். ட்யூனிங் மெதுவாகும், பரவாயில்லை. கோடு மெலிந்தது, ஆனால் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. ரெசிஸ்டரில் விரலை வைத்தால் சூடு. 200 மில்லியாம்பியரில் அதில் 0.4 வாட் எரிகிறது. அதன் மதிப்பு 0.1 சதவீதம் மாறினாலே 4 மெகாஹெர்ட்ஸ் விலகிவிடும். சூட்டுக்கு அசையாத 5 வாட் ரெசிஸ்டரை மாற்றினேன். காந்தப்புலம் கசியும் டிரான்ஸ்ஃபார்மரை அரை மீட்டர் தள்ளி வைத்ததும் மிச்சமிருந்த 50 ஹெர்ட்ஸ் நடுக்கமும் நின்றது. இப்போது 4 கிகாஹெர்ட்ஸில் கோடு அசையாமல் நிற்கிறது.