கூப்பனை வெட்டும் முன் ரேஷனை வாங்கிவிடுங்கள்

மாத மளிகைக்குக் கடைக்காரர் தரும் கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியல் போடாதீர்கள். முதலில் பட்டியல், அப்புறம் கூப்பன். அரிசி அட்டை இருந்தால் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என ரேஷனில் கிடைப்பதை வாங்கிவிடுங்கள். எந்தக் கூப்பனும் அந்த விலைக்கு இறங்காது. காய்கறிக்கு நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தை போதும்.

மிச்சம்தான் சூப்பர் மார்க்கெட்டுக்கு. "1,500 ரூபாய்க்கு வாங்கினால் 100 தள்ளுபடி" என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், நூற்றுக்கு ஏழு ரூபாய்கூட வராது. பட்டியல் 1,100-தான் என்றால் பிஸ்கட்டை அள்ளிப் போட்டு நிரப்பக் கூடாது. சோப்பு, தேங்காய் எண்ணெய் போல அடுத்த மாதமும் கட்டாயம் வாங்கப்போவதை எடுக்கலாம். இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து ஒரே பில்லாகப் போட்டுத் தள்ளுபடியைப் பங்கிடுங்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த வழி.

எண்ணெய் பாக்கெட்டில் எடையைக் கட்டாயம் பாருங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம் இருக்கும். லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும் சிலவற்றில் 800 கிராம்தான். எம்.ஆர்.பி. பக்கத்தில் ஒரு கிராமுக்கு என்ன விலை என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒப்பிட அதுதான் சரியான எண்.

ஓணம் நேரத்தில் கூப்பன்கள் நிறைய வரும். கடைசித் தேதியைப் பேனாவால் வட்டமிட்டு ரேஷன் அட்டையோடு வையுங்கள்.