கிளிநொச்சியில் எங்கள் குழாய்த் தண்ணீரைச் சரிசெய்த அனுபவம்

எங்கள் வீட்டுக் குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர்தான்; மோட்டர் போட்டுத் தாங்கிக்கு ஏற்றுகிறோம். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு, சுரண்டினால் சுண்ணாம்பு போலப் பொரிந்து விழும். அது கல்சியம், மக்னீசியம் உப்பு. அதைவிட வன்னியில் என்னைப் பயப்படுத்துவது கண்ணுக்குத் தெரியாத புளோரைட்டு. பல் உருவாகும் வயதில் அது கூடினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், பிறகு போகாது.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் ரி.டி.எஸ். மீற்றரை மட்டும் நம்பாதீர்கள். மொத்த உப்பைத்தான் அது காட்டும். புளோரைட்டையோ கிருமியையோ பிரித்துச் சொல்லாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) விசாரித்து ஆய்வுகூடத்துக்கு மாதிரி கொடுத்தோம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் தொற்றுநீக்கிய போத்தல்தான் வேண்டும். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கத்தில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும்.

புளோரைட்டு, இலங்கைத் தரத்தின் எல்லையான லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலி என்ற கிருமியும் இருந்தது, 100 மில்லிலீற்றரில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது. கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டோம், தாங்கியைத் தேய்த்துக் கழுவினோம். மறுசோதனையில் கிருமி இல்லை.

புளோரைட்டுக்குக் குளோரின் சரிவராது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும், தண்ணீரை அழுத்தி மென்சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டி பூட்டினோம். அதன் மென்சவ்வு பழுதானால் புளோரைட்டு திரும்ப வந்துவிடும், ஆகவே வடிகட்டிய தண்ணீரையும் இடைக்கிடை சோதிக்கக் கொடுக்கிறோம்.