அமெரிக்காவில் நடிக்கவும் பாடவும் பணி விசா: முதன்முறை முயல்வோருக்கான படிப்படியான விளக்கம்

வெளிநாட்டு நடிகர், பாடகர், ஒளிப்பதிவாளர் ஆகியோர் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான நிகழ்ச்சியிலோ வணிகப் படப்பிடிப்பிலோ பங்கேற்க, மிகச் சில விலக்குகள் தவிர, பணி விசா கட்டாயம். ‘இரண்டு மணி நேர நிகழ்ச்சிதானே, சுற்றுலா விசாவிலேயே போய் வந்துவிடலாம்’ என்று யார் அறிவுரை சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். விமான நிலையத்தில் அதிகாரி விரைவு வெளியேற்ற ஆணை பிறப்பித்தால், பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மீண்டும் நுழைய முடியாது. அந்தப் பதிவு பிற்கால விண்ணப்பங்கள் அனைத்திலும் தொடரும்.

முதல் படி: எந்த வகை விசா என்று முடிவு செய்தல்

தனிக் கலைஞருக்கு உரியது ஓ-1பி. இதில் இரண்டு அளவுகோல்கள் உள்ளன. இசை, நடனம், மேடை நாடகம் போன்ற கலைகளில் இருப்பவர் தம் துறையில் தனித்துத் தெரியும் தகுதியைக் காட்ட வேண்டும். திரைப்படம், தொலைக்காட்சித் துறையினருக்கு அளவுகோல் இதைவிடக் கடுமையானது. அந்தக் கலைஞருக்கு இன்றியமையாத உதவியாளர்கள் ஓ-2 விசாவில் உடன் செல்லலாம். ஆனால் திரைத்துறையில் அதற்கு நெடுநாள் சேர்ந்து பணியாற்றிய உறவு இருக்க வேண்டும். அல்லது படப்பிடிப்பு அமெரிக்காவிலும் வெளியிலும் நடப்பதால் அதே ஆள் தொடர்வது அவசியம் என்று காட்ட வேண்டும்.

குழுக்களுக்கு வேறு வகைகள் உண்டு. பன்னாட்டுப் பெயர் பெற்ற இசைக்குழு பி-1பி (P-1B) வகையில் வரும். அதன் உறுப்பினர்களில் 75 விழுக்காட்டினராவது குறைந்தது ஓராண்டாக அந்தக் குழுவோடு தொடர்ந்து இயங்கியிருக்க வேண்டும். நாட்டுப்புறக் கலை, மரபு இசை, மரபு நாடகம் போன்று ஒரு பண்பாட்டுக்கே உரிய கலையை நிகழ்த்துவோருக்குப் பி-3 (P-3) பொருத்தமானது. தமிழில் எழுதும்போது சுற்றுலா, வணிக விசாவின் ஆங்கில எழுத்தும் (B) கலைஞர் விசாவின் ஆங்கில எழுத்தும் (P) ஒரே ‘பி’ ஆகிவிடுவதால், படிவத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்பதை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மனுதாரரைக் கண்டடைதல்

இந்த விசாக்களுக்குக் கலைஞர் தமக்குத் தாமே மனுச் செய்ய முடியாது. அமெரிக்கத் தயாரிப்பு நிறுவனமோ, நிகழ்ச்சி அமைப்பாளரோ, அமெரிக்க முகவரோ ஐ-129 என்ற மனுப் படிவத்தை அவர் சார்பில் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். பல அமைப்பாளர்களிடம் பணியாற்றுபவருக்கு முகவர் வழியே செல்வதுதான் நடைமுறையில் எளிது. மனுவோடு ஒப்பந்தமும், எந்தத் தேதியில் எந்த ஊரில் என்ன வேலை என்ற பயணத் திட்டமும் இணைக்கப்பட வேண்டும். வாய்மொழியாகப் பேசி முடித்திருந்தால், பேசிய நிபந்தனைகளை எழுத்தில் சுருக்கித் தரலாம்.

மூன்றாம் படி: சங்கத்தின் கருத்துக் கடிதம்

கலைத்துறை மனுவுக்கு அத்துறையின் தொழிற்சங்கம் அல்லது சக கலைஞர் அமைப்பு ஒன்றின் கருத்துக் கடிதம் போதும். திரைப்பட, தொலைக்காட்சி மனுவுக்கு இரண்டு கடிதங்கள் தேவை: ஒன்று, நடிகர்களுக்கு எஸ்ஏஜி-ஆஃப்ட்ரா, தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு ஐயாட்சி என அந்தந்தத் தொழிலுக்குரிய சங்கத்திடமிருந்து; மற்றொன்று நிர்வாகத் தரப்பு அமைப்பிடமிருந்து, அதாவது தயாரிப்பாளர்கள் தரப்பு அமைப்பிடமிருந்து.

நான்காம் படி: சான்றுகளைத் திரட்டுதல்

உங்கள் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் செல்ல வேண்டும். ஓ-1பி மனுவுக்கு, ஆஸ்கர், எம்மி, கிராமி போன்ற பெரும் விருதோ அதற்கான பரிந்துரையோ இருந்தால் பாதை எளிது. இல்லாதவர்கள் ஆறு வகைச் சான்றுகளில் மூன்றையாவது நிறுவ வேண்டும்: புகழ்பெற்ற படைப்புகளில் முதன்மைப் பங்கு, பத்திரிகை விமர்சனங்கள் வழி கிடைத்த அங்கீகாரம், பெயர்பெற்ற நிறுவனங்களில் முக்கியப் பொறுப்பு, வசூல் அல்லது விமர்சன வெற்றி, வல்லுநர்களின் பாராட்டு, துறையில் மற்றவர்களைவிட உயர்ந்த ஊதியம்.

வல்லுநர் கடிதங்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘இவர் மிகச் சிறந்த ஒளிப்பதிவாளர், கடும் உழைப்பாளி’ என்று எழுதிய கடிதம் எதையும் நிறுவுவதில்லை. ‘வெள்ளக் காட்சியை இரவில் ஒரே கேமராவில் எடுக்கும் முறையை இவரே வகுத்தார், பதினொரு நாள் திட்டமிட்ட படப்பிடிப்பு அதனால் ஏழு நாளில் முடிந்தது’ என்பது போன்ற கடிதத்தில், அவர் செய்த வேலையையும் அதன் விளைவையும் அதிகாரியால் பார்க்க முடிகிறது. எழுதுபவர் யார், கலைஞரின் வேலையை அவர் எப்படி அறிவார் என்பதும் கடிதத்தில் இருக்கட்டும்.

ஆங்கிலம் அல்லாத எந்த ஆவணத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பு முழுமையானது, பிழையற்றது, தமக்கு அதைச் செய்யும் மொழித்திறன் உண்டு என்று மொழிபெயர்த்தவர் சான்றளிக்க வேண்டும். விமர்சனத்தை மட்டும் வெட்டி எடுக்காமல், பத்திரிகையின் பெயரும் தேதியும் தெரியும்படி நகலெடுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர். சுவரொட்டியில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்த வேறொரு வடிவம், மேடையில் கலைப்பெயர் என மூன்று வடிவங்கள் இருந்தால், மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தைச் சான்றுகளுக்கு முன்னால் வையுங்கள்.

ஐந்தாம் படி: தாக்கல் செய்தல்

நிகழ்ச்சிக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாக மனுவைத் தர முடியாது. குறைந்தது 45 நாட்களுக்கு முன் தருவது அதிகாரபூர்வ அறிவுரை. என் கருத்தில் ஆறு மாதம் முன்பே தருவதுதான் பாதுகாப்பு. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலில் ஓ மனுவுக்கு 1,055 டாலரும், சிறு நிறுவனங்களுக்கு 530 டாலரும் நிர்ணயிக்கப்பட்டன. இதற்கு மேல், புகலிடம் கோருவோர் திட்டத்தின் செலவுக்காக மனுதாரர்களிடம் வாங்கும் புகலிடத் திட்டக் கட்டணம் தனி. கட்டணங்கள் மாறுபவை என்பதால் தாக்கல் செய்யும் நாளில் அரசு இணையதளத்தில் சரிபார்க்கவும். விரைவுப் பரிசீலனைக்கான தனிக் கட்டணம் செலுத்தினால் 15 வேலை நாட்களுக்குள் மனுவின் மீது நடவடிக்கை கிடைக்கும். ஆனால் அந்த நடவடிக்கை கூடுதல் சான்று கேட்கும் கடிதமாகவும் இருக்கலாம் என்பதால், பணம் கட்டிவிட்டோம் என்று பயணச்சீட்டு வாங்கிவிடாதீர்கள்.

ஆறாம் படி: தூதரகமும் நுழைவும்

மனு ஏற்கப்பட்டபின், கலைஞர் டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, கட்டணம் செலுத்தி, தூதரக நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். மனுவில் எழுதியிருப்பதைக் கலைஞர் முழுதாகப் படித்திருக்க வேண்டும். தம் ஊதியமும் நிகழ்ச்சித் தேதிகளும் தெரியாமல் விழிப்பவர் மீது அதிகாரிக்கு ஐயம் எழுவது இயல்பு. ஓ-1 முதலில் மூன்று ஆண்டுகள் வரையும், பி-1பி, பி-3 ஓராண்டு வரையும் கிடைக்கும். கணவர், மனைவி, 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகள் உடன் வரலாம். ஆனால் அவர்கள் வேலை செய்ய முடியாது.

அமெரிக்காவில் இறங்கியதும் ஐ-94 என்ற வருகைப் பதிவை இணையத்தில் திறந்து, விசா வகையும் தங்கக்கூடிய கடைசித் தேதியும் சரியாக உள்ளனவா என்று அன்றே பாருங்கள். தவறு இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். ஒப்பந்தக் காலம் முடியும் முன் கலைஞரை அவர் விருப்பமின்றி வேலையிலிருந்து நீக்கினால், ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவை வேலை கொடுத்தவரும் மனுதாரரும் ஏற்க வேண்டும் என்பது விதி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதை ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.