ஆக்சிஜன் 98, ஆனால் மூச்சு போதவில்லை: என் அனுபவம்

சாதாரண வைரஸ் காய்ச்சல் நான்கு நாட்களில் தணிந்துவிட்டபோதும், முழுமையாக மூச்சு இழுக்க முடியவில்லை என்ற உணர்வு ஆறு வாரங்கள் கடந்தும் என்னை விடவில்லை. மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி, நுரையீரல் செயல்திறன் சோதனை ஆகிய மூன்றும் இயல்பாகவே இருந்தன; ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் எப்போதும் 98 சதவீதம் காட்டியது. இரண்டு வாரங்கள் பயன்படுத்திய இன்ஹேலராலும் பயனில்லை.

நான் கவனிக்கத் தவறிய விசித்திரம் ஒன்று இருந்தது: மாடிப்படி ஏறும்போது வராத மூச்சுத்திணறல், உட்கார்ந்து தொலைபேசியில் பேசும்போது வந்தது, கூடவே விரல்நுனிகள் மரத்தன. நான் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் நான் தோள்களை உயர்த்தி வாயால் காற்றை விழுங்குவதைச் சுட்டிக்காட்டினார். ஓய்விலிருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார்கள்; எனக்கோ 24. நோயின்போது தொற்றிய அவசர மூச்சு பழக்கமாகிவிட்டதால், கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ஆக்சிஜன் குறையாமலேயே மூச்சுமுட்டலும் மரத்துப்போதலும் உண்டாகின்றன என்று அவர் விளக்கினார்.

வயிற்றில் கைவைத்து, மூக்கின் வழியே நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடும் பயிற்சியை நாளுக்கு இருமுறை, பத்து நிமிடங்கள் செய்தேன். முதல் வாரம் திணறல் கூடியதுபோலத் தோன்றியது. அங்கேதான் பலர் கைவிடுவார்கள் என நினைக்கிறேன். மூன்றாம் வார இறுதியில் நிமிடத்துக்கான மூச்சு எண்ணிக்கை 15 ஆனது. இதயத்திலும் நுரையீரலிலும் கோளாறில்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகே இதைத் தொடங்கினேன்.